தம்பியின் நாலு உருண்டை

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் இரண்டு வளைவு தாண்டுவதற்குள் எழுந்து நிற்கத் தோன்றும். அம்மா இதை என் பிறவிக் குணம் என்பாள். அது உண்மையில்லை. ஓரிடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த பிள்ளை நான் என்று அதே அம்மாதான் வேறு சந்தர்ப்பங்களில் சொல்லியிருக்கிறாள். எனக்கு எட்டு வயதானபோது, பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மணல்வாரி அம்மை வந்தது. இந்தப் பதற்றம் அந்த வருடத்தில் ஒட்டிக்கொண்டது.

அதற்குக் கொஞ்சம் முன்னால் மாமா வந்து சேர்ந்தார். மாமா அம்மாவின் ஒரே தம்பி. கண்டியில் ஒரு ஹோமியோபதி டாக்டர் வீட்டில் இரண்டு வருடம் இருந்தார். அங்கே என்ன வேலை என்று அப்பா கேட்டதற்கு, டாக்டருக்குக் கூடமாட இருந்ததாகச் சொன்னார். போத்தல் கழுவி லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. டாக்டர் வெளிநாட்டிலிருந்த மகளிடம் போய்விட, மாமா ஒரு மரப்பெட்டியோடு, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தார். பெட்டிக்குள் விரல் நீளத்தில் வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தக்கை. குப்பிகளுக்குள் சவ்வரிசியை விடச் சின்ன வெள்ளை உருண்டைகள்.

பசறையில் ஒரு புத்தகக் கடையில் மாமாவுக்கு வேலை கிடைத்தது. வாரம் முழுக்கக் கொப்பி, பென்சில் விற்றவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து டாக்டரானார். இருமலுக்கும் இனிப்பு உருண்டை, இடுப்பு வலிக்கும் இனிப்பு உருண்டை. காசு வாங்கமாட்டார். யாராவது ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தால் மறுக்கவும் மாட்டார். பக்கத்து லயத்துக் குறும்புக்காரர்கள் அவருக்கு 'சீனி டாக்டர்' என்று பேர் வைத்தார்கள். மாமா காதில் விழாததுபோல் இருந்தார். 'டாக்டர்' என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மாமாவின் மருந்துக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். உருண்டையைக் கையால் தொடக் கூடாது. மூடியில் கொட்டி நேராக வாயில் போட வேண்டும். முன்னே அரை மணி, பின்னே அரை மணி எதுவும் குடிக்கக் கூடாது. வெங்காயம், பூண்டு, கோப்பி ஆகாது. எல்லாவற்றையும் விட முக்கியம், சூடத்தின் வாடை படக் கூடாது. பட்டால் மருந்து செத்துவிடும். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்துகிற அம்மாவுக்கு இது பெரிய சோதனையாகிவிட்டது. அவள் சூடத்தட்டை எடுத்துக்கொண்டு வெளியே தண்ணீர் விழும் பீலிக்கரைப் பக்கம் போய் நின்று, அங்கிருந்தபடியே உள்ளே இருந்த அம்மனுக்குக் காட்டுவாள். அம்மன் என்ன நினைத்தாளோ தெரியாது.

என் தம்பிக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. ஒன்பதாம் மாதம் கிளினிக்கில் ஓர் ஊசி போட வேண்டும். மணல்வாரி வராமலிருக்க அந்த ஊசி. கிளினிக் கார்டில் அதைச் சின்னமுத்து என்று எழுதியிருப்பார்கள். முன்பு போட்ட ஊசி ஒன்றுக்குத் தம்பி இரண்டு நாள் காய்ச்சலில் சிணுங்கித் தீர்த்திருந்தான், அம்மா இன்னும் அதை மறக்கவில்லை. அவளுடைய பயத்தை மாமா பிடித்துக்கொண்டார்.

"ஊசி எதுக்குக்கா? நோவு வாசல்ல வந்து நிக்கிறப்பவே திருப்பி அனுப்புற மருந்து எங்கிட்ட இருக்கு. ரெண்டும் சேத்துக் குடுத்தா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்."

கிளினிக் நாளன்று மலையில் கொழுந்தும் நிறைய இருந்தது, அம்மா போகவில்லை. மிட்வைஃப் மிஸ் வந்து தோட்டத்து மண்டபத்தில் காத்திருந்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அம்மாவைப் பாதையில் மறித்து ஏன் வரவில்லை என்று கேட்டார். பிள்ளைக்குச் சளி என்று அம்மா சொன்னாள். பிள்ளைக்குச் சளி இல்லை என்பது கொழுந்துக் கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். அடுத்த மாதம் கட்டாயம் கொண்டுவருவதாக அம்மா தலையாட்டினாள். அப்பாவும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மருந்து நாளைக்கு ஒரே வேளை, பகலில். விடியக்காலையிலேயே அம்மா பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போய்விடுவாள். அதனால் அது என் பொறுப்பு. தாய்மார் மலையில் கொழுந்தெடுக்கும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்குப் பிள்ளைக்காம்பரா என்று ஓர் அறை உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய், ஆயா பால் கொடுத்து அரை மணி கழிந்ததா என்று கேட்டு, மூடியில் நாலு உருண்டையைக் கொட்டி, தம்பியின் நாக்கில் போட வேண்டும். குப்பியை அம்மா ஒரு கைக்குட்டையில் முடிந்து என் புத்தகப் பையில் வைத்தாள். இவ்வளவு பெரிய வேலையை என்னை நம்பி யாரும் அதுவரை கொடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பையைத் தொடவே யாரையும் விடவில்லை.

முதல் நாள் நாலையும் ஒழுங்காகக் கொடுத்தேன். இரண்டாம் நாள் ஓர் உருண்டையை அவன் துப்பிவிட்டான். அது என் பாவாடையில் விழுந்தது. வீணாக்கக் கூடாது என்று எடுத்து வாயில் போட்டேன். அந்த இனிப்பை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது. கடைச் சீனியில் இல்லாத ஒரு குளிர்ச்சி அதில் இருந்தது. மூன்றாம் நாள் அவனுக்கு மூன்று, எனக்கு ஒன்று. அடுத்த வாரம் ஆளுக்கு இரண்டு. அதற்கடுத்த வாரம் அவனுக்கு எதுவும் இல்லை. அவன் வாயைத் திறந்து காத்திருப்பான், நான் மூடியை அவன் உதட்டில் வைத்து எடுத்துவிட்டு என் வாயில் கவிழ்த்துக்கொள்வேன். அவன் அதையும் விளையாட்டென்று நினைத்துச் சிரிப்பான்.

மாமா ஞாயிறுதோறும் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்ப்பார். கணக்காகக் குறைந்திருக்கும். "பாத்தியாக்கா, பொறுப்பான புள்ள" என்று என் தலையில் தட்டுவார். இனி எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன். திங்கட்கிழமை பகல்வரை அந்த நினைப்பு இருக்கும்.

கீழ் லயத்துப் பையன் ஒருவன் வெலிமடையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். வந்த நாலாம் நாள் காய்ச்சல், கண் சிவப்பு, பிறகு முகமெல்லாம் மணல் தூவியமாதிரி. அவன் தங்கை பிள்ளைக்காம்பராவில் இருந்தவள். பத்துப் பன்னிரண்டு நாளில் அவளுக்கும் வந்தது. பிள்ளைக்காம்பராவை மூடினார்கள். மாமாவுக்கு அந்த வாரம் கை ஓயவில்லை. கடைக்கு லீவு போட்டுவிட்டு, கொப்பித் தாளைக் கிழித்து உருண்டைகளைப் பொட்டலமாகக் கட்டிக் கட்டிக் கொடுத்தார். கேட்டவர்களிடமெல்லாம் எங்கள் தம்பியைக் காட்டினார். ஒரு மாதமாக மருந்து போகிறது, பிள்ளையைப் பாருங்கள், ஒரு தும்மல்கூட இல்லை என்றார். நான் அந்தப் பக்கம் நிற்கமாட்டேன். தண்ணீர் பிடிக்கிறேன் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். குடம் நிரம்பியதும் கீழே கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை தம்பிக்கு உடம்பு சுட்டது.

முதலில் பல் முளைக்கும் காய்ச்சல் என்றார்கள். வியாழக்கிழமை காதுக்குப் பின்னால் சிவப்பாகத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் முகம் முழுக்கப் பரவிவிட்டது. அம்மா வேலையை நிறுத்திவிட்டாள். எங்கள் குளிரில் வேம்பு வளராது. பிபிலையிலிருந்து வரும் பஸ்ஸில் யாரோ ஒரு கட்டு வேப்பிலை கொடுத்தனுப்பினார்கள். அதை வாசலில் செருகிய பிறகு எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அம்மன் வந்திருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, அம்மை இறங்கி மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுபோகவும் கூடாது. பள்ளிக்கூடத்துக்கும் என்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நான் வாசலுக்கும் பீலிக்கும் நடந்தேன், பீலிக்கும் வாசலுக்கும் நடந்தேன். உள்ளே தம்பி இருமுவது எத்தனை தூரம் போனால் கேட்காது என்று பார்த்தேன். கொய்யா மரம்வரை கேட்டது.

மாமா சும்மா இருக்கவில்லை. அவருடைய மருந்து தோற்காது. தோற்றால் யாரோ கட்டுப்பாட்டை மீறியிருக்க வேண்டும். யார் என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தார். அம்மாவிடம் வெங்காயத்தைப் பற்றிக் கேட்டார். கையால் தொட்டாளா என்று கேட்டார். கடைசியில் சூடத்துக்கு வந்தார். அம்மாவின் முகம் மாறியது. இரண்டு வெள்ளிக்கு முன்னால் மழை அடித்து ஊற்றியதில் வெளியே போக முடியாமல் அவள் உள்ளேயே சூடம் கொளுத்தியிருந்தாள். ஒரே ஒரு கட்டி.

"அதான்" என்றார் மாமா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பரிதாபமாகச் சொன்னார். "மருந்து செத்துப் போச்சுக்கா. நீ என்ன செய்வ, ஒனக்குத் தெரியாது."

அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சத்தம் போட்டு அழக்கூடாத வீடு. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மனுக்குச் சூடம் காட்டி அம்மனையே வரவழைத்துவிட்டேனே என்று முனகினாள். எனக்கு நிற்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. கால் தானாகத் துடித்தது. அவள் கொல்லவில்லை அந்த மருந்தை. நான் தின்றேன். சொன்னால் அடி விழும், சொல்லாவிட்டால் அம்மா இப்படியே இருப்பாள். வாசலுக்குப் போய் வேப்பிலையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து சொன்னேன்.

"சூடம் இல்லம்மா. நாந்தான் தின்னுட்டேன். தம்பிக்குக் குடுக்கவே இல்ல."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால் மாமா என் முன்னால் குந்தியிருந்தார். என் நெற்றியைத் தொட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமானது. பிறகு என்னை அப்படியே அணைத்துக்கொண்டார். "பாருக்கா இவள! ஒரே காம்பராவுல படுக்குறா, அவன் பக்கத்துலதான் தூங்குறா. ஒரு சூடு இருக்கா? ஒரு பொட்டு இருக்கா? மருந்து தின்னவளுக்கு ஒண்ணும் வரல. திங்காதவனுக்கு வந்திருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

திருடியதற்கு என்னைக் கட்டிப்பிடித்தவர் உலகத்தில் மாமா ஒருவராகத்தான் இருப்பார். அவர் மன்னித்துவிட்டார் என்று நம்பினேன். எவ்வளவு நல்ல மனிதர் என்று உருகிப்போனேன். அன்றைக்கே அவர் லயம் லயமாகப் போய் என் திருட்டைச் சொன்னார். கேட்டவர்கள் மறுபடியும் பொட்டலம் வாங்கிக்கொண்டார்கள். 'சீனி டாக்டர்' என்று கூப்பிட்ட வீட்டிலும் வாங்கினார்கள். தம்பிக்கு இரண்டு பங்காக உருண்டை கொடுக்கத் தொடங்கினார், இந்த முறை தன் கையாலேயே.

சனிக்கிழமை காலையில் தம்பி மூச்சு வாங்கினான். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. இடது காதிலிருந்து சீழ் வடிந்தது. அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் வெளியே படுத்துக்கொண்டிருந்த அப்பா உள்ளே வந்து, பிள்ளையைப் போர்வையோடு தூக்கினார். மாமா குறுக்கே நின்றார். மருந்து வேலை செய்யும்போது நோய் கூடுவதுபோல் காட்டும் என்றார். இன்னும் முதல் தண்ணீரே ஊற்றவில்லை, வாசலைத் தாண்டினால் அம்மன் கோபிப்பாள் என்றாள் அம்மா. அப்பா இருவரையும் பார்த்தார்.

"தள்ளு மச்சான். கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட கோவிச்சுக்கட்டும்."

பிறப்புச் சான்று, கார்டு, காகிதம் எல்லாம் கிடக்கும் பிஸ்கட் டின்னை அப்படியே அம்மா கையில் திணித்தார். அம்மை வீட்டுப் பிள்ளையை வைத்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் கூடவே ஓடினேன். பஸ்ஸில் எங்களைச் சுற்றி இடம் காலியானது. ஒவ்வொரு வளைவிலும் அம்மா போர்வையை விலக்கி அவன் மூச்சைப் பார்த்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவன் மூச்சு நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பதுளைவரை நின்றேன்.

ஆஸ்பத்திரியில் தம்பியை உள்ளே எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அப்பா கூடப் போனார். அம்மாவும் நானும் ஒரு கவுண்டரின் முன்னால் நின்றோம். அங்கிருந்த சிங்கள மிஸ் கொஞ்சம் தமிழ் பேசுவார். பிள்ளைகளின் கார்டைக் கேட்டார். அம்மா டின்னைத் திறந்து கையில் வந்ததைக் கொடுத்தாள். இரண்டு கார்டும் வந்துவிட்டன, என்னுடையதும் தம்பியுடையதும். மிஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த மூத்த பிள்ளைக்கு ஊசி போட்டு இருக்கு. அதுதான் இவளுக்கு வரல்ல. சின்னவருக்கு ஏன் அம்மா போடல்ல?"

அம்மா ஆளில்லாத இடத்தில் நிற்பவள்போல் நின்றாள். மிஸ் தெரியாமல் எதையோ பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது. நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? உண்மைக் காரணத்தை நான்தான் சொல்ல வேண்டும். கவுண்டரின் மேல் கைவைத்து எம்பி, "மிஸ், நாந்தான் தம்பி மருந்த..." என்று தொடங்கினேன். முடிக்கவில்லை.

தம்பி பிழைத்தான். இரண்டு வாரம் அங்கே இருந்தான். இடது காதுக்கு மட்டும் கேட்கும் சக்தி திரும்பவில்லை. இப்போது வெலிமடையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான். விலை குறைக்கச் சொல்பவர்களுக்கு அந்தக் காதைத் திருப்புகிறான். என் திருட்டு எங்கள் குடும்பத்தின் பிரபலமான கதை. கல்யாண வீடு, காதுகுத்து எங்கும் மாமா அதைச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், தம்பியும் தலையைச் சாய்த்துக் கேட்டுச் சிரிப்பான். நான் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். சின்ன வயதில் அவனுக்கு வலப்பக்கமாகவே உட்கார்ந்தேன், வலப்பக்கமாகவே நடந்தேன். என் பங்குச் சோற்றில் பாதியை அவன் தட்டில் தள்ளினேன். அம்மா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்குப் பிறகு ஒரு தங்கை பிறந்தாள். ஒன்பதாம் மாதம் அவளை அம்மா கொட்டும் மழையில் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் என்னிடம் சொன்னாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்தது. ஊசிக்குப் பதிய என் பழைய காகிதம் எதுவோ தேவைப்பட, அம்மாவிடமிருந்து அந்த டின்னை வாங்கினேன். இரண்டு கார்டும் ஒன்றுக்குள் ஒன்று மடித்திருந்தன. என் கார்டில் சின்னமுத்து என்ற கட்டத்தில் தேதியும் கையெழுத்தும் இருந்தன. அந்த ஊசி போட்டபோது மாமா கண்டிக்கே போயிருக்கவில்லை. அது என் அதிர்ஷ்டம். தம்பியின் கார்டில் அதே கட்டம் வெறுமையாக இருந்தது. இதைத்தான் அன்று மிஸ் சொன்னார். தமிழில்தான் சொன்னார், என் காது இரண்டும் கேட்டன. நான் தின்றது சீனி. அம்மாவின் சூடம் கொன்றதும் சீனி. ஒரு பாவமும் இல்லாத எட்டு வயதுப் பிள்ளை இருபத்தைந்து வருடமாக உட்கார இடமில்லாமல் அலைந்திருக்கிறாள்.

கோபம் வந்தது, மறைப்பானேன். மாமா மேல் வந்ததைவிட அம்மா மேல்தான் அதிகம் வந்தது. டின்னை எடுத்துக்கொண்டு அடுப்படிவரை போனேன். அம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊசி எந்தக் கையில் போடுவார்கள், அதற்குமுன் பால் கொடுக்கலாமா என்று கேட்டாள். தம்பிக்கு அம்மை வந்தபோது அவளுக்கு இப்போதைய என்னைவிடச் சின்ன வயது என்பது ஞாபகம் வந்தது. டின்னை மூடிவிட்டேன். இன்னும் கேட்கவில்லை. கேட்பேனா என்றும் தெரியவில்லை.

அந்தக் கவுண்டரில் நான் வாக்கியத்தை ஏன் முடிக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இறுக்கினாள். வளையல் தோலில் பதியும் அளவுக்கு இறுக்கினாள். "பேசாம இரு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. மிஸ் என்னைத் திட்டிவிடக் கூடாது என்று அம்மா மறைக்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு செய்தவளையும் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாளே என்று எனக்கு அழுகை முட்டியது. நன்றி சொல்ல வேறு வழி தெரியாமல், என் பலத்தையெல்லாம் சேர்த்து நானும் அவள் கையைத் திருப்பி இறுக்கினேன்.